மாஸ்டரின் காரில் முதலில் அமர்ந்தவர்

இருக்கையின் தலையை ஒரு கையால் பிடித்து இரண்டு தரம் ஆட்டிவிட்டு, தாளில் சரி போடுகிறீர்களே, அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடமும் அப்படி ஒரு கை இருந்தது.

போன மாதம், தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் உள்ள நம்முடைய பழைய கராஜுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்திருந்தேன். உங்களில் ஒருவர் காரைச் சோதித்துக்கொண்டு நின்றார். பெயர் வேண்டாம், வாசிக்கும்போது அவருக்கே தெரியும். ஒரு கையில் போன், மறு கையால் இருக்கைக்கு ஒரு ஆட்டு. முடிந்தது சோதனை. நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுபெற்றவன் வாயைத் திறந்தால், பழசு புலம்புது என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இருக்கிற வசதி, நடுவில் மறித்துக் கதைக்க உங்களுக்கு ஏலாது.

எண்பதுகளின் கடைசியில் இந்த ஊரில் ஒரு நோய் பரவியது. கணக்காளர், வங்கிக்காரர், வாத்தியார், பல் வைத்தியர் என்று, வாழ்நாளில் ஒரு கார்ச் சில்லைக் கூடக் கழற்றிப் பூட்டாதவர்கள் எல்லாம் வீட்டில் கார் செய்யத் தொடங்கினார்கள். கிற் கார் என்று பெயர். உடலும் மற்றப் பாகங்களும் பெட்டிகளில் வரும். பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினையும் சில்லுகளையும் பிடுங்கி, வந்த சாமான்களோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வரும். அதை ஒருவரும் வாசிப்பதில்லை. படித்தவர்கள் அல்லவா, அவர்களுக்கு எதற்குப் புத்தகம்?

இப்போது அப்படிப்பட்ட கார்களுக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. அந்த நாட்களில் கார் வீதிக்குத் தகுதியா என்று பார்க்கிற வருடாந்த எம்.ஓ.டி. சோதனையில் தேறினால் போதும், வீதிக்கு வந்துவிடலாம். அதாவது அந்தக் காருக்கும் வீதிக்கும் நடுவில் நின்றது சோதனை செய்கிற நான் ஒருவன்தான். நான் பார்த்த கூத்துகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவர் முன் கண்ணாடியைப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் இருக்கையைக் கதவுக் கீலில் பூட்டியிருந்தார். ஏன் என்று கேட்டால், பின்னுக்குச் சாமான் வைக்கத் தூக்க வசதியாம். அவர்களையெல்லாம் நன்றாகத் திட்டி அனுப்பினேன். முன்பின் தெரியாதவனைத் திட்டுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? எனக்குத் துணிச்சல் இருக்கிறது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு மாஸ்டர் வந்தார்.

மாஸ்டர் என்றால் கணக்கு மாஸ்டர். டூட்டிங்கிலும் மிச்சத்திலும் எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் சனிக்கிழமைகளில் அவர் வீட்டு முன்னறையில்தான் கணக்குப் படித்தார்கள். என் மகளும் அங்கேதான் படித்தாள், அப்போது அவளுக்குப் பத்து வயது. மாஸ்டருக்கு முன்னால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். அவர் பிழை விட்டதை ஒருவரும் கண்டதில்லை. விட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டோம். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பழக்கம்: படிப்பித்தவருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வோம், அதற்கு மரியாதை என்று பெயரும் வைப்போம்.

அவர் மூன்று வருடமாக, எங்கள் கராஜுக்குப் பின்தெருவில் வாடகைக்கு எடுத்த கொட்டிலில் ஒரு கிற் கார் செய்துகொண்டிருந்தார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. உடலும் தரையும் பைபர்கிளாஸ். அடியில் மட்டும் இரும்புச் சட்டம். எங்கள் ஆட்களில் இந்த வேலை தெரிந்த இன்னும் இரண்டு மெக்கானிக்மார் அந்தக் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "அந்தமாதிரி இருக்கு மாஸ்டர்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள். ஒரு பிழையும் சொல்லவில்லை.

பெட்டியில் வந்த இருக்கைகள் மிகப் பதிவானவை, தரையோடு ஒட்டியவை. மாஸ்டரோ கட்டை ஆள். ஏறி இருந்தால் மூக்குக்கு மேலே எஞ்சினின் முன்மூடிதான் தெரியும், வீதி தெரியாது. எனவே இருக்கைகளை உயர்த்த வேண்டியிருந்தது. எதால் உயர்த்தினார் தெரியுமா? அவர் மாணவராக இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தபோது கொண்டுவந்த மரப்பெட்டியின் அடியில் பனஞ்சிலாகைகள், அதாவது பனைமரச் சட்டங்கள், அடிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றி, அறுத்து, மெருகு போட்டு, ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே இரண்டு வைத்தார். நீளமான போல்ட்டுகளை இருக்கையின் சட்டம், பனங்கட்டை, தரை எல்லாவற்றுக்கும் ஊடாக இறக்கி, அடியில் வாஷர் போட்டு முறுக்கினார்.

"பனையை வண்டு துளைக்காது, கறையான் அரிக்காது" என்றார் என்னிடம். "போல்ட்டுக்கும் கணக்குப் பாத்திட்டன். இதில ஒரு ஆனையை இருத்தலாம்."

கணக்கு முழுக்கச் சரி. பனையும் சரி, போல்ட்டும் சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பிழையான கணக்கைப் பற்றிச் சொன்னதல்ல. சரியான கணக்கைத்தான் ஏட்டில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காரைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல. பழைய மாணவர்கள் மூன்று பேர் பின்னாலே தள்ள, மாஸ்டர் பக்கத்தில் நடந்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி, கையில் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். அந்த அக்கா வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுக்கிறவர். இருக்கைகளுக்கு உறை தைத்ததும் அவர்தான்.

"நாளைக்குக் காலமை எட்டே முக்காலுக்கு நல்ல நேரம்" என்றார் மாஸ்டர். "எலுமிச்சம்பழத்துக்கு மேலால ஏத்தி, நேர மனோர் பார்க் முருகனட்டப் போறம். அதுக்கு முதல் ஒருத்தரும் சீற்றில இருக்கக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் மாஸ்டர்" என்றேன்.

இந்த இடத்தில் என்னைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முப்பத்தைந்து வயது ஆள், அரசாங்க அனுமதி பெற்ற பரிசோதகன், ஒரு காலை வெளியே நிலத்தில் ஊன்றி மறுகாலை உள்ளே விட்டுக் கொக்குப்போல நின்று பிரேக்கை மிதித்தேன். விளக்கு, சில்லு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தேன். காருக்குக் கீழே நின்று பார்க்க வெட்டியிருந்த கிடங்கில் இறங்கி அடியைப் பார்த்தேன். தண்ணீர் படாதிருக்க மாஸ்டர் அடி முழுக்கக் கறுப்புத் தார் மெழுகியிருந்தார். போல்ட் தலைகள் புடைத்துத் தெரிந்தன, வாஷர் எவ்வளவு பெரிது என்று தெரியவில்லை. சுரண்டிப் பார்த்திருக்கலாம். மாஸ்டர் மேலே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுரண்டவில்லை.

மேலே வந்து இருக்கையின் தலையைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினேன். அசையவில்லை. தாளில் சரி போட்டேன்.

மாஸ்டர் அலுவலக அறைக்குள் போனதும் அக்கா கிட்ட வந்தார்.

"தம்பி, நீங்கள் சீற்றில ஏறி இருந்து பாக்கேல்லையோ?"

"தேவையில்லை அக்கா. பன்னிரண்டு வருசமா இந்த வேலை செய்யிறன். கையால பிடிச்சாலே தெரியும்."

"கையோ அதில இருக்கப் போகுது?"

நான் சிரித்தேன். தையல்காரிக்கு என்ன தெரியும் என்ற சிரிப்புத்தான் அது, மறைக்க ஒன்றுமில்லை. உள்ளே போய்ச் சான்றிதழ் எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுத்தேன். மாஸ்டர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு அன்று முழுக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவ்வளவு மலிவான ஆளாக இருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை மாஸ்டர் வீட்டு வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். நானும் புதுக் காற்சட்டை போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாஸ்டர் தேங்காய் உடைத்தார். நேராகப் பாதி. சனம் ஆகா என்றது.

அக்கா விபூதித் தட்டோடு ஒவ்வொருவரிடமாக வந்து என்னிடம் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பிறகெண்டாலும் சீற்றில இருந்து பாத்தனீங்களோ?"

நான் விபூதி எடுக்கக் கையை நீட்டியபடி நின்றேன். 

"தையல் சரியோ எண்டு பாக்க நான் ஒருநாள் கொட்டிலுக்குள்ள இந்தச் சீற்றில இருந்தனான். காலை ஊண்டி எழும்பேக்க பின்னுக்கு ஏதோ கடக்கெண்டு அசைஞ்சது. அவரிட்டச் சொன்னால், நேரத்துக்கு முதல் ஏன் இருந்தனீர் எண்டுதான் கேப்பார். அதுதான் உங்களிட்டக் கேட்டனான்." தட்டை மறுகைக்கு மாற்றினார். "நான் இதில மனோர் பார்க் மட்டும் போகவேணும், தம்பி."

அவர் அடுத்த ஆளுக்கு விபூதி கொடுக்கப் போய்விட்டார். 

என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளங்குகிறதா? நாலு வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், விளங்க வேண்டும். நெருக்கடியில் பிரேக்கை உதைக்கிறவன் கால் முன்னுக்குப் போக, முதுகு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும். அந்த நேரத்தில் இருக்கை பின்னால் சாய்ந்தால் கால் பிரேக்கை விட்டு எழும்பிவிடும். கார் நிற்காது. மிச்சத்திலிருந்து மனோர் பார்க் என்றால் லண்டனைக் குறுக்கே கடக்க வேண்டும், எத்தனை சந்தி, எத்தனை பஸ். மாஸ்டரோடு போகப்போவது, என்னிடம் முதல் நாளே கேட்ட அந்த அக்கா.

எட்டு நாற்பது. ஐந்து நிமிடம் இருந்தது.

நான் முதலில் தேடியது பொய்யைத்தான். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றோல் ஒழுகுகிறது என்று சொல்லலாமா? மாஸ்டர் உடனே முன்மூடியைத் திறந்து பார்த்து, இல்லை என்பார். பயணத்தை நாளைக்கு வைக்கலாம் என்று கெஞ்சலாமா? நல்ல நேரத்தை மாற்று என்று முப்பது பேருக்கு முன்னால் சொல்ல நான் யார்? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா? "நேற்று நீர்தானே கையொப்பம் வைச்சனீர்" என்று கேட்பார்.  எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையொப்பம் நின்றது. அக்கா சொன்னார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் கேட்காத குற்றத்துக்கு அவர் ஏன் பேச்சு வாங்க வேண்டும்?

மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

நான் அவரைக் கடந்து போய், மாலையை விலக்கி, அவருடைய இருக்கையில் தொப்பென்று இருந்தேன்.

சனத்திடமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. சாமி அறைக்குள் செருப்போடு போனவனைப் பார்த்து எழும்புகிற சத்தம். மாஸ்டரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். முதுகை நன்றாகச் சாய்த்து, வலது காலைப் பிரேக்கில் வைத்து, நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தால் எப்படி உதைப்போமோ அப்படி உதைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஒரு கணத்தில் நான் நினைத்தது என்ன தெரியுமா? அப்பாடா, என் கையொப்பம் தப்பியது என்றுதான். அந்த நினைப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழும்பக்கூட எத்தனித்தேன். அப்போது அக்கா தட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தரம் உதைத்தேன், இந்த முறை முழுப் பலத்தோடு.

தரை கிழிந்தது. இருக்கை என்னையும் தூக்கிக்கொண்டு மல்லாக்காகப் பின்னால் போனது. கால் பிரேக்கை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது. புதுக் காற்சட்டையோடு படுத்தபடி மிச்சத்து வானத்தைப் பார்த்தேன். முகில்தான்.

என்னை இழுத்து எடுத்த பிறகு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பனங்கட்டையில் ஒரு கீறல் கூட இல்லை. போல்ட் வளையவில்லை. பின் போல்ட் இரண்டும் தரையில் ஆளுக்கொரு ஓட்டையைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருந்தன. அவற்றின் அடியில் இருந்த வாஷர் என் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவு பெரிய கணக்கு முழுவதையும் அந்தச் சின்ன வாஷரும், பிஸ்கட் தடிப்பில் ஒரு பைபர்கிளாஸ் தரையும் தாங்கிக்கொண்டிருந்தன. போல்ட் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தவர், போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மாஸ்டர் குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டது இதுதான்:

"என்ர நேரத்தில நீர் ஏன் இருந்தனீர்?"

"நேற்று இருந்திருக்கவேணும் மாஸ்டர்" என்றேன். "இருக்காமல் எழுதிப் போட்டன். பிழை என்ர."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சனம் விடவில்லை. கண்ணூறு நாவூறு பட்டுவிட்டது என்றார் ஒருவர். நான் எரிச்சலில், பொறாமையில் செய்தது என்றார் இன்னொருவர். நல்ல நேரம் தப்பி ஆள் ஏறி இருந்தால் கார் உடையும்தானே என்று ஒரு பொறியியலாளர் விளக்கம் சொன்னார். பட்டம் பெற்றவர். கொட்டிலுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்த அந்த இரண்டு மெக்கானிக்மாரும், "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அதனால்தான் அவர்களை இன்றும் எனக்குப் பிடிக்காது.  அக்கா தேங்காய்ப் பாதிகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

திங்கட்கிழமை கராஜ் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வெள்ளைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சோதிக்கும்போது இருந்து பார்த்தாயா? இல்லை என்றேன். சான்றிதழைத் திருப்பி எடுக்கச் செய்தார். மூன்று மாதம் எந்தச் சான்றிதழிலும் கையொப்பம் போட என்னை விடவில்லை. ரயர் மாற்றினேன், நிலம் கூட்டினேன். சரியான தண்டனை. குறைவு என்றும் சொல்லலாம்.

மகளை மாஸ்டர் வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. என்னைக் கண்டால் மட்டும் மறுபக்கம் பார்த்தார். சில கிழமை கழித்து மகள் ஒரு வீட்டுக்கணக்கோடு வந்தாள். இரண்டு சென்றிமீற்றர் அகலமான வட்டத் தகடு ஒன்று, பத்துச் சென்றிமீற்றர் சதுரத் தகடு ஒன்று. சதுரத்தின் பரப்பு வட்டத்தின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு?

"ஏறக்குறைய முப்பத்திரண்டு, அப்பா" என்றாள். "உங்களிட்டக் காட்டிச் சரி பாக்கச் சொன்னவர்."

கொப்பியை வாங்கி, கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன்; வட்டம் அந்த வாஷர்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுசன், பத்து வயதுப் பிள்ளையின் கொப்பியில் கேட்டிருக்கிறார். அடியில் "சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் கார் திரும்ப வந்தது. இந்த முறை ஒருவரும் தள்ளவில்லை. சோதனைக்கு நேரம் பதிந்துகொண்டு மாஸ்டரே ஓட்டி வந்தார், பக்கத்தில் அக்கா. அடியில் தார் இல்லை. கிடங்கில் இறங்கிப் பார்த்தேன். இரும்புச் சட்டத்தோடு குறுக்கே இரண்டு இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து, இருக்கைகளையும் பாதுகாப்புப் பட்டிகளையும் அவற்றில் பூட்டியிருந்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளங்கை அளவு தகடு. எல்லாவற்றையும் சுரண்டிப் பார்த்தேன். மாஸ்டர் மேலே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்க, இன்னும் கொஞ்சம் சுரண்டினேன்.

மேலே வந்து சாரதி இருக்கைப் பக்கம் போனேன். மாஸ்டர் கையைக் காட்டி என்னை மறித்தார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேரும். இந்தமுறை சோதிக்க நீர் முதல் இரும்."

அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு காரில் ஏறி, சாரதி இருக்கையில் இருந்தார்.

"போனமுறையும் முதல் இருந்தது நான்தான்" என்றார்.

மாஸ்டரின் வாய் திறந்தது.  அக்கா அவரைப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் முன்னுக்கு ஊன்றி, முதுகை வைத்து ஒரு தரம் தள்ளினார். இன்னொரு தரம் தள்ளினார். மூன்றாம் தரமும் தள்ளிவிட்டு, காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இப்ப எழுதுங்கோ, தம்பி."